பிரான்சு ஏகாத்தா

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதை எங்கள் சந்தில் யாரும் மறந்துவிடாதபடி நான் பார்த்துக்கொண்டேன். எழுபதுகளின் கடைசி அது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில், சாரம் என்கிற பகுதியில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு குறுகலான சந்து, பத்துப் பன்னிரண்டு ஓட்டு வீடுகள். ஆண்களில் பாதிப் பேர் மில்லுக்குப் போகிறவர்கள், என் அப்பாவும் அப்படித்தான். கடலோரத் தெருக்களில் நாய்கூடப் பிரெஞ்சில்தான் குரைக்கும் என்று அப்பா கேலி செய்வார். எங்கள் சந்துக்குள் அந்தப் பாஷை வந்தது என்னோடுதான். பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். பத்தாவது வருவதற்குள் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர்கள் காதில் விழும்படி வினைச்சொற்களை முணுமுணுப்பேன். இப்போது நினைத்தால் அந்தக் குடத்துத் தண்ணீரை என் தலையிலேயே கவிழ்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். முப்பது வயதிருக்கும். ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, ஜாக்கெட்டுகளுக்கு ஹெம்மிங் பண்ணி ஹூக் தைத்துக் கொடுத்துக்கொண்டு தனியாக இருந்தாள். அவள் வீட்டுக்காரரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்த வழியில் அவள் வீட்டுக்காரருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம் அவர் பிரான்சுக்குப் போனார். பேப்பரெல்லாம் சரி பண்ணி ஆறு மாதத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். முதல் வருஷம் மாதம் தவறாமல் ஏர்மெயில் கவர் வந்தது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதத்தைப் படித்துக் காட்டுவதும் பதில் எழுதுவதும் நான்தான். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று, பழைய கவரை என் முன்னால் நீட்டிப் பின்பக்கத்து விலாசத்தைத் தொட்டுக் காட்டுவாள். அதைப் பார்த்து நான் பிரெஞ்சு எழுத்தில், வால் சுழித்து, அழகாக எழுதுவேன். அழகாக எழுதுவதில்தான் என் கவனம் இருந்தது.

பிறகு கடிதம் நின்றுபோனது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று எட்டு மாதம் ஆயிற்று. நாங்கள் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. ரெட்டியார்பாளையத்தில் இருந்த அவள் அண்ணன் ஒருநாள் வந்து, வராதவனுக்காக எத்தனை நாள் காத்திருப்பாய், தீபாவளிக்குள் ஒரு தகவலும் வராவிட்டால் வீட்டைக் காலி பண்ணிவிட்டு எங்களோடு வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அண்ணன் வீட்டுக்குப் பெட்டியோடு போனால் அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே பெயர்தான், வாழாவெட்டி. ஒரு கடிதம் வந்தால் அவள் பிரான்சில் இருப்பவரின் மனைவி. வராவிட்டால் அவள் வாழாவெட்டி. நடுவில் வேறொன்றும் கிடையாது. தபால்காரர் வரும் பதினோரு மணிக்குத் தைக்கிற துணியோடு எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அங்கிருந்து பார்த்தால் சந்து முனை வரைக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஊரைவிட்டுப் போன ஏதோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் எடைக்குப் போட்ட கட்டிலிருந்து, இது பிரெஞ்சுதானே என்று பழைய பேப்பர்க் கடையில் கேட்டு வாங்கியிருந்தார். மேலட்டை இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட, பழைய கிரேக்கச் சாமிகளைப் பற்றிய புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் படம். எனக்கு அதில் பாதிதான் புரிந்தது. ஆனால் மொத்தமும் புரிந்த முகத்தோடு வாசலில் உட்கார்ந்து படித்தேன்.

ஒரு சனிக்கிழமை, தபால்காரர் எங்கள் பக்கம் திரும்பாமலே போய்விட்டார். அக்கா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே என் பக்கம் எட்டிப் பார்த்தாள். திறந்திருந்த பக்கத்தில் மூன்று முகம் உள்ள ஒரு பெண் நின்றாள். மூன்று பெண்களை முதுகோடு முதுகு ஒட்டவைத்த மாதிரி இருந்தது. ஒரு கையில் பந்தம், ஒரு கையில் சாவி, ஒன்றில் பாம்பு, காலடியில் நாய். இது என்ன சாமி என்று அக்கா கேட்டாள்.

படத்துக்குக் கீழே பெயர் இருந்தது. அதன் முதல் எழுத்து பிரெஞ்சில் ஊமை எழுத்து. எழுத வேண்டும், சொல்லக் கூடாது. அதைச் சத்தமாகச் சொல்கிறவன் பட்டிக்காட்டான் என்று எங்கள் முசே, அதாவது பிரெஞ்சு வாத்தியார், முட்டி போட வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். எனவே நான் அதை வெகு நாசூக்காக விழுங்கிவிட்டு, "ஏகாத்" என்றேன்.

அக்காவின் கையிலிருந்த ஊசி நின்றது. "ஏகாத்தாவா?" என்றாள்.

விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் பிறந்த ஊரில், ஏரிக்கரைமேல் இருப்பது ஏகாத்தா. அவர்கள் குலசாமி. அங்கேயும் பந்தம் உண்டு, பாம்பு உண்டு, திருவிழா அன்று நாய்க்கும் சோறு வைப்பார்களாம். இதையெல்லாம் அவள் மூச்சு விடாமல் சொன்னாள். எங்கள் ஆத்தாள் அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கிறாளே என்று படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அக்கா, இது வேறு, அது வேறு என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து அவள் முகம் தெளிந்திருந்தது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. நான் ஒரு சொல்லைச் சொன்னதும் ஒருத்தி கைகூப்பினாள், அது எனக்குப் பிடித்திருந்தது. இங்கிலீஷில் படித்திருந்தால் நான் ஹெக்கேட்டி என்று வாசித்திருப்பேன், ஏகாத்தா நடுவில் வந்திருக்கவே மாட்டாள். பிறகு அவள் அந்தச் சாமியின் வேலை என்னவென்று கேட்டாள். பாதாளத்துக்கு அவள்தான் காவல், மந்திரமெல்லாம் அவளிடம்தான், முச்சந்தியில் நிற்பாள், பூட்டிய கதவுக்கெல்லாம் சாவி வைத்திருப்பாள் என்று படித்துச் சொன்னேன். சாவி என்றதும் அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். அவளுக்கு என்ன படைப்பார்கள் என்று அடுத்துக் கேட்டாள்.

அதுவும் புத்தகத்தில் இருந்தது. நிலா இல்லாத நாளில் மூன்று தெரு கூடும் இடத்தில் மீன், முட்டை, பூண்டு, சின்னதாக ஒரு ரொட்டி வைப்பார்கள், வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். பிரெஞ்சில் அந்த 'வைப்பார்கள்' முன்னொரு காலத்தில் வழக்கமாக நடந்து, இப்போது இல்லாமல் போனதற்கான வினை. அதை முந்தின வாரம்தான் முசே நடத்தியிருந்தார், நான் எழுந்து உதாரணமெல்லாம் சொல்லி மெச்சல் வாங்கியிருந்தேன். தமிழில் 'வைப்பாங்க' என்றால் அன்றைக்கும் ஆகும், இன்றைக்கும் ஆகும். நான் 'வைப்பாங்க' என்றேன். அக்கா கெட்டிக்காரி, பிடித்துக்கொண்டாள்.

"இப்பவும் வைக்கறாங்களா பாப்பா?"

"இப்பவும்தான்" என்றேன்.

இந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை. அந்தச் சாமியைக் கும்பிட்ட கடைசி ஆளும் மண்ணாகிப் போய் ஆயிரத்துக்கு மேல் வருஷமாயிற்று என்பது எனக்குத் தெரியும். அந்த ஊரே பிரான்சு இல்லை என்பதும் தெரியும். பிரான்சிலேதானே என்று அவள் கேட்டபோது, அந்தப் பக்கம்தான் என்று மழுப்பினேன். இல்லை என்று சொன்னால் என் கையிலிருந்த புத்தகம் வெறும் பழைய பேப்பராகிவிடும், அவள் எழுந்து போய்விடுவாள். அதற்காகத்தான் ஒரு செத்த சாமியை உயிரோடு உட்கார வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, அம்மா குழாயடிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அக்கா வந்தாள். வருகிற அமாவாசைக்குப் படைத்துவிடுவதாகச் சொன்னாள். நம் ஊர் ஏகாத்தாவுக்குக் கடல் தாண்டிக் கை எட்டுமோ என்னவோ, அங்கேயே இருக்கிறவள் என்றால் ஒரே எட்டில் போய் அவரை உலுக்கிவிட மாட்டாளா என்றாள். அவளுக்கு இருந்த கவலை வேறு.

"அங்கயே இருந்து இருந்து ஆத்தாளுக்குத் தமிழ் மறந்திருக்கும். நீ பிரெஞ்சுல ஒரு சீட்டு எழுதிக் குடு பாப்பா, ரொட்டிக்கு அடியில வச்சிடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, பிரெஞ்சு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். ஒரே வரிதான், பெரிய பெரிய எழுத்தில். எழுதியதை நீட்டி முழக்கிப் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மந்திரம் காதில் விழுந்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இதற்கு என்ன அர்த்தம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் கேட்டதைத்தான் எழுதியிருப்பேன் என்று என்னை நம்பினாள்.

எங்கள் சந்து மெயின் ரோட்டில் சேரும் இடம்தான் முச்சந்தி. ஒன்றும் சுத்தமான இடமில்லை அது. அமாவாசைக்கு மறுநாள் உடைத்த பூசணிக்காயும் நசுங்கிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் கிடக்கும். சுற்றிக்கொண்டு போய்விடுவோம். அதெல்லாம் பழகிய திருஷ்டிக் கழிப்பு, யாருக்கும் பயமில்லை. முனை வீட்டில் மளிகைக்கடை வைத்திருந்தார்கள். கடைக்காரரின் மருமகளுக்கு அப்போது முதல் கர்ப்பம், ஐந்தாவது மாதம். அமாவாசைக்கு மறுநாள் காலையில் வாசல் தெளிக்க வாளியோடு வந்தவள் கவனிக்காமல் முட்டைமேல் காலை வைத்துவிட்டாள். வழுக்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் அவளைச் சுற்றிச் சுட்ட மீன், பூண்டு, ஒரு ரொட்டி, அதன் கீழே ஒரு சீட்டு. மீனையும் ரொட்டியையும் யார் கழித்துப் போடுவார்கள்? பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. ரிக்‌ஷா வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம் கேட்டது. வெளியே வந்தால் கடைக்காரரும் அவர் பின்னால் பத்துப் பதினைந்து பேரும் நிற்கிறார்கள். அவர் கையில் ஒரு முறம், முறத்தில் அந்தச் சீட்டு. தொடப் பயந்துகொண்டு முறத்தில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். மனிதர் கோபத்தில் இல்லை, நடுங்கிப் போயிருந்தார்.

"நீதான் படிச்ச பொண்ணு. இது பிரெஞ்சு மாதிரி இருக்குதுன்னு சொல்றாங்க. என்னா எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லும்மா."

குனிந்து பார்த்தேன். முதலில் என் கண்ணில் பட்டது ஒரு எழுத்துப் பிழை. கடிதம் என்கிற சொல்லில் இரட்டையாக வர வேண்டிய எழுத்தை ஒற்றையாக விட்டிருந்தேன். எனக்குக் காது சூடாகிவிட்டது. சத்தியமாக, எனக்கு முதலில் வந்த வெட்கம் அதுதான். அங்கே நின்ற ஒருவருக்கும் படிக்கத் தெரியாத பாஷையில் நான் விட்ட பிழைக்காக வெட்கப்பட்டேன். ஒருத்தி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்பது இரண்டாவதாகத்தான் உறைத்தது.

நிமிர்ந்தபோது எதிரே அக்கா அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. நான் படிக்கப் போகிறேன், அது புருஷன் கடிதத்துக்காக வைத்த வேண்டுதல்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடப் போகிறது, நாலு வார்த்தை திட்டிவிட்டுப் பாவம் என்று கலைந்துவிடுவார்கள் என்று நம்பி நின்றாள். எனக்கும் அது தெரிந்தது. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும், வேறொரு கணக்குத்தான் என் தலையில் ஓடியது. படித்தால் யார் எழுதியது என்று கேட்பார்கள். சந்தில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று இத்தனை நாள் தம்பட்டம் அடித்தது நான்தானே. அப்பா தோலை உரித்துவிடுவார். முச்சந்தியில் சூனியம் வைத்த பெண் என்று பெயர் வந்தால் பிறகு பள்ளிக்கூடம் ஏது, கல்யாணம் ஏது?

"இது பிரெஞ்சு இல்ல" என்றேன்.

பின்னே என்ன எழுத்து என்று யாரோ கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, என்னமோ மாதிரி இருக்கிறது என்றேன். அந்த 'என்னமோ மாதிரி' போதுமாக இருந்தது. முறத்தைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டார். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். ஒரு ஏழைப் பெண்ணின் வேண்டுதல், என் வாயால், செய்வினைச் சீட்டாக ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நேரம் பிடிக்கவில்லை. சைக்கிளில் ரொட்டி விற்கிறவர் அந்த வழியாக வந்தார். அவரை நிறுத்திக் கேட்டார்கள். இந்தச் சந்தில் நேற்றுச் சாயங்காலம் ரொட்டி வாங்கியது யார் என்று அவர் கள்ளமில்லாமல் கைகாட்டினார். ஒருநாளும் ரொட்டி வாங்காதவள் என்பதால் அவருக்கு ஞாபகம் இருந்தது. கூட்டம் அக்கா பக்கம் திரும்பியது. அவள் இல்லையென்று சாதிக்கவில்லை. ஆமாம், நான்தான் வைத்தேன், கெட்டதுக்கு வைக்கவில்லை என்றாள். அப்படியானால் இது என்ன எழுத்து, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் விளங்காமல், இந்தப் பெண் ஏன் இப்படிச் சொல்கிறது என்று பார்த்தாள். பிறகு பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனாள்.

"யாரும் குடுக்கல. நானாதான் கிறுக்கினேன்."

ரேஷன் கடையில் கட்டை விரலை உருட்டுகிறவள் அவள் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நான் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று நினைத்துக்கொள்வதுண்டு. அதுவும் பொய்தான், ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

என் அம்மா மட்டும் அன்று மத்தியானம் என் பையிலிருந்து பிரெஞ்சு நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். தாள் கிழிந்த இடத்தை விரலால் தடவினாள். நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

அக்காவுக்குக் குழாயடியில் இடம் இல்லாமல் போனது. அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொள்வார்கள். ஹெம்மிங்குக்குத் துணி கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்காரம்மா அறையைக் காலி பண்ணச் சொன்னாள். தீபாவளிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அண்ணன் கைவண்டியோடு வந்தார். சாமான் ஏற்றும் நேரம் நான் வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். புத்தகம் விரித்து வைத்திருந்தேன், படிக்கிற மாதிரி. அவள் எங்கள் வாசலுக்கு வந்து அம்மாவிடம், பாப்பாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லுங்கள் என்றாள். நான் வெளியே வரவில்லை.

கடைக்காரர் மருமகள் மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். தை மாதம் ஆண் குழந்தை பிறந்தது, குண்டுக் குழந்தை. சந்தே போய்ப் பார்த்துக் கற்கண்டு வாங்கிக்கொண்டு வந்தது, நானும் போனேன். அங்கே வைத்து, அக்காவால் ஒன்றும் ஆகவில்லையே, போய்ச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வரலாமே என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. என் வாயிலிருந்தும் வரவில்லை. அந்த வருஷம் பிரெஞ்சில் பள்ளிக்கூடத்திலேயே நான்தான் முதல்.

எண்பதுகளின் நடுவில் நான் பிரெஞ்சு டீச்சராகிவிட்டேன். ஊமை எழுத்து நடத்தும் நாளில் எனக்குப் பொறுமை இருக்காது, பிள்ளைகள்மேல் எரிந்து விழுவேன். ஏன் டீச்சர் என்று அவர்கள் கேட்டதில்லை. அரசாங்க வேலை என்றால் வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலையும் நம் தலையில்தான் விழும். ஒரு வருஷம் எனக்கு எங்கள் ஊரிலேயே இருக்கும் மேட்டுப்பாளையம் பக்கம் போட்டார்கள். கம்பெனிகளுக்குப் பின்னால் வரிசையாகச் சின்ன வீடுகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கதவைத் தட்டினேன். அக்காதான் திறந்தாள்.

என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். பாப்பாவா, புடவையெல்லாம் கட்டி டீச்சர் மாதிரி இருக்கிறாயே என்று சிரித்தாள். டீச்சர்தான் என்றேன். உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டாள், டீ போட்டுக் கொடுத்தாள். முன்பக்கம் முடி நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் பெட்டி மடிக்கும் வேலையாம், அண்ணன் வீட்டை விட்டு வந்து மூன்று வருஷமாகிறதாம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் படிவத்தை எடுத்துக் கேள்விகளை ஆரம்பித்தேன். பெயர், வயது, அப்புறம் கணவர் பெயர். அந்த இடத்தில் பேனா நின்றது.

"எங்கப்பா பேரப் போட்டுக்கோ. அவுரு அங்க ஒருத்தியக் கட்டிக்கினாரு, ரெண்டு புள்ளைங்களாம்" என்றாள், யார் வீட்டுக் கதையோ போல.

அப்பா பெயரை எழுதினேன். அவள் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ரொம்ப நாளாக ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன், கோபித்துக்கொள்ளாதே என்றாள். கோபித்துக்கொள்ளாதே என்று என்னிடம் சொன்னாள்.

"அன்னிக்கு அந்தச் சீட்டுல நீ என்னாதான் எழுதின?"

எனக்குப் புரியவில்லை. நீங்கள் சொன்னதைத்தானே எழுதினேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நீயே இது பிரெஞ்சு இல்லை என்று எல்லார் எதிரிலும் சொன்னாயே, நீ படித்த பெண், உனக்குத் தெரியாதா, அப்போது அது என்ன எழுத்து என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போனது என்றாள். சின்னப் பெண், தெரியாமல் ஏதோ தப்பாக எழுதிவிட்டது, அதைக் கொண்டுபோய் நான் ஆத்தாள் காலடியில் வைத்துவிட்டேன், அதனால்தான் அவர் மனசு அந்தப் பக்கம் திரும்பிவிட்டதோ, அந்தப் பெண்ணும் கர்ப்பத்தோடு விழுந்தாளோ என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உன்மேல் தப்பில்லை, ஆத்தாள்மேலும் தப்பில்லை, வைத்தவள் நான்தானே என்றாள்.

அவள் சந்தை விட்டுப் போனதற்கு நான் காரணம் என்பது எனக்குத் தெரியும். அதோடு ஒருமாதிரி வாழப் பழகியிருந்தேன். புருஷன் போனதற்கும் இன்னொருத்தி விழுந்ததற்கும் அவளே தன்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டு ஏழெட்டு வருஷம் இருந்திருக்கிறாள், அதற்கும் என் ஒற்றைப் பொய்தான் காரணம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்டூலில் உட்கார முடியவில்லை. இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அது பிரெஞ்சுதான்கா. நான் பயந்துகிட்டுப் பொய் சொன்னேன். 'தாயே, என் வீட்டுக்காரர்கிட்ட இருந்து ஒரு லெட்டர் வரச் செய்'. இதுதான் எழுதினேன். வேற ஒண்ணும் இல்ல."

அவள் உதட்டுக்குள் அந்த வரியை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அவ்ளோதானா? அத அன்னிக்கே படிச்சிருந்தா, பாவம்னு விட்டிருப்பாங்களே பாப்பா" என்றாள்.

அவள் குரலில் குத்தல் இல்லை. நியாயமாகக் கேட்டாள். ஆமாம் என்றேன், அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு பொய்யை இறக்கிவைத்த சுகத்தில் இன்னொன்றையும் இறக்கிவைத்துவிட்டு லேசாகிவிடலாம் என்று எனக்குப் பேராசை வந்தது. அவளுக்காக அல்ல, எனக்காகத்தான். அந்தச் சாமி நம் ஏகாத்தா இல்லை, அது பிரான்சும் இல்லை, அவளுக்குப் படைப்பதை நிறுத்தி ஆயிரத்துக்கு மேல் வருஷமாகிறது, இப்போது அவளைக் கும்பிட உலகத்தில் ஒரு ஆள் கிடையாது, இது அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. அத்தனை பேர் எதிரில் நின்றபோதும், வண்டியில் சாமான் ஏற்றியபோதும், சற்றுமுன் புருஷனைப் பற்றிச் சொன்னபோதும் கலங்காத முகம் அப்போதுதான் கலங்கியது.

"அப்ப அன்னிக்கு நான் யாருக்குத்தான் வச்சேன்?" என்று கேட்டாள்.